மெட்ராஸ் சென்னையானபோது: ஒரு நூலின் கோப்புகளில் தேடி மாற்றுதல் பற்றிய நிகழ்வு ஆய்வு

ராயப்பேட்டையில் இயங்கும் ஒரு சிறு பதிப்பகம், நகரத்தின் பழைய பகுதிகளைப் பற்றி ஒரே ஆசிரியர் பல ஆண்டுகளாக எழுதிவந்த கட்டுரைகளைத் தொகுத்து, ஆகஸ்ட் 22-ஆம் நாள் கொண்டாடப்படும் மெட்ராஸ் தினத்தையொட்டி வெளியிடத் திட்டமிட்டிருந்தது. ஒவ்வொரு கட்டுரையும் ஒரு தனிக் கோப்பாக இருந்தது. பழைய கட்டுரைகள் பல்வேறு எழுத்துருக் குறியேற்றங்களிலும், பிந்தையவை யூனிகோடிலும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றிய பின், நடையை ஒருமைப்படுத்தும் பொறுப்பு பதிப்பகத்தின் டிடிபி பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடம் தரப்பட்ட தாளில் மூன்று கட்டளைகள் இருந்தன: மெட்ராஸ், மதராஸ் என வரும் இடங்களில் சென்னை என்று ஆக்குவது, சாலைகளின் பழைய பெயர்களைப் புதுப் பெயர்களாக மாற்றுவது, ஔகாரப் பிழைகளைத் திருத்துவது.

மூன்றும் தேடி மாற்றும் வசதியால் ஒரே மாலையில் முடிக்கப்பட்டன. முதல் மெய்ப்பு, அதாவது பிழை பார்ப்பதற்கான அச்சுப்படி, கைக்கு வந்தபோது, திருத்தப்படுவதற்கு முன்பிருந்ததைவிட அதிகமான பிழைகள் நூலில் இருந்தன. கோப்புகளைச் சரிசெய்து தருமாறு கேட்கப்பட்ட நிலையில், என்ன நடந்தது என்பதையும் ஏன் நடந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பணியாளர் அலட்சியமாக வேலை செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆங்கில உரையில் செய்திருந்தால் பெரும்பாலும் சரியாகவே முடிந்திருக்கக்கூடிய வேலை அது.

முதல் மெய்ப்பில் கண்டவை

பணியாளர் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்னும் உரை எடிட்டரைப் பயன்படுத்தினார். மெட்ராஸ் என்று தேடியபோது மெட்ராஸில், மெட்ராஸுக்கு, மெட்ராஸின் போன்ற வடிவங்கள் சிக்கவில்லை என்பதை அவர் சரியாகவே கவனித்தார். எனவே இறுதிப் புள்ளியை நீக்கி, மெட்ராஸ என்று தேடி, சென்னை என்று மாற்றினார். இப்போது எல்லா வடிவங்களும் சிக்கின. ஆனால் மெட்ராஸ் என்பது ஐகாரத்தின் மேல் ஒரு புள்ளி தொங்கும் உருவாகவும், மெட்ராஸில் என்பது ஐகாரத்தையடுத்து ஒரு புள்ளிவட்டமும் இகரக் குறியும் நிற்கும் உருவாகவும் திரையில் தெரிந்தன. அவற்றைச் சரிசெய்ய அடுத்த சுற்று மாற்றங்கள் செய்யப்பட்டன: அநாதையாக நின்ற புள்ளி நீக்கப்பட்டது, அநாதையாக நின்ற உயிர்க்குறிக்கு முன்னால் யகரம் சேர்க்கப்பட்டது. சென்னையில், சென்னையின், சென்னையை என்பவை இதனால் சரியாகவே அமைந்தன. மெட்ராஸுக்கு என்பது மட்டும் சென்னையுக்கு ஆயிற்று, மெட்ராஸ்காரர் ககர ஒற்றில்லாமல் சென்னைகாரர் ஆனார்.

இவை கண்ணுக்கு உடனே தெரியும் பிழைகள் என்பதால் அவ்வளவு ஆபத்தானவை அல்ல. இலக்கணத்துக்கு முரணில்லாமல், பொருளை மட்டும் கெடுத்த மாற்றங்களே கடுமையானவை. எளிதில் பரவும் கண்நோயான மெட்ராஸ் ஐ, நூலில் சென்னை ஐ ஆகியிருந்தது. 1868-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மெயில் என்னும் நாளிதழ் சென்னை மெயில் என்று மாறி, ஏதோ ஒரு ரயிலைப் பற்றிய பேச்சுபோல் தோன்றியது. வடநாட்டில் தென்னிந்தியரை மதராஸி என்று அழைக்கும் வழக்கத்தைப் பற்றிய ஒரு பத்தியில், மதராஸியின் இறுதி இகரத்தையும் வேற்றுமை உருபின் தொடக்கமாகக் கருதிய விதி, அதைச் சென்னையி என்று ஆக்கிவிட்டது. எல்லாவற்றையும்விட வேதனையானது நகரத்தின் தோற்றம் பற்றிய கட்டுரைக்கு நேர்ந்தது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் வழங்கப்பட்டதைத் தொடர்ந்து வளர்ந்த குடியிருப்புகளில், மதராஸபட்டினமும் சென்னப்பட்டினமும் வெவ்வேறானவை என்பதை நிறுவுவதே அக்கட்டுரையின் நோக்கம். மாற்றத்துக்குப் பின் அது, சென்னைபட்டினமும் சென்னப்பட்டினமும் வெவ்வேறு ஊர்கள் என்று பக்கம் பக்கமாக வாதிட்டுக்கொண்டிருந்தது.

எடிட்டர் எதைப் பார்க்கிறது

வாசகர் பார்ப்பது எழுத்தை. எடிட்டர் ஒப்பிடுவது, ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் தரப்பட்டுள்ள குறியெண்களின் வரிசையை. யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் ஸ என்பது 3000, புள்ளி என்பது 3021, இகரக் குறி என்பது 3007. அகரமேறிய மெய்யே அடிப்படை எழுத்தாக வைக்கப்பட்டு, மெய்யெழுத்தை எழுதப் புள்ளி கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதாகச் சொல்லும் நம் இலக்கணத்துக்கு இது நேர்மாறானது. ஸ் என்பது கணினிக்கு ஸகரமும் புள்ளியும். ஸி என்பது ஸகரமும் இகரக் குறியும். ஆகவே மெட்ராஸ் என்ற வரிசை மெட்ராஸில் என்பதற்குள் இல்லை. மெட்ராஸ என்ற வரிசை இரண்டிலும் இருக்கிறது. புள்ளியில்லாமல் தேடினால் எல்லாம் சிக்குவதற்கும், மாற்றிய பின் புள்ளியும் உயிர்க்குறியும் அநாதையாக நிற்பதற்கும் காரணம் ஒன்றே: தேடிய சொல்லின் எல்லை எழுத்தின் எல்லையாக இல்லை, எழுத்தின் நடுவில் வெட்டப்பட்டிருந்தது.

இதே வெட்டு வேறு சொற்களிலும் நடக்கும். கல என்று தேடினால் கல், கல்வி, கலை, கலி அனைத்தும் சிக்கும். முழுச்சொல் மட்டும் என்ற தேர்வு இதற்குத் தீர்வாகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் முழுச்சொல் எது என்பதை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. ஒரே சொல்லைத் தேடாமல் சொல்லின் அமைப்பையே குறியீடுகளால் எழுதித் தேடும் ரீஜெக்ஸ் முறையில் சொல்லெல்லையைக் குறிக்கும் குறியீடு, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் உறுப்புகளாகக் கொள்வதால், வெறும் தமிழ்ச் சொல்லின் இருபுறமும் அதை வைத்துத் தேடினால் ஒன்றுமே கிடைக்காது. பைத்தான் என்னும் நிரல்மொழி தமிழ் எழுத்துகளை ஏற்கிறது. ஆனால் அதன் இயல்பான ரீஜெக்ஸ் தொகுதி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கருதாததால், சொல்லின் நடுவிலேயே எல்லை இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. வி.எஸ். கோட் என்னும் எடிட்டரில் வேடிக்கை இன்னும் அதிகம்: ஒரு கோப்புக்குள் தேடும்போது ஜாவாஸ்கிரிப்டும், கோப்புறை முழுவதும் தேடும்போது ரிப்கிரெப் என்னும் வேறொரு நிரலும் வேலை செய்கின்றன, பின்னது தமிழ்க் குறிகளைச் சொல்லின் பகுதியாக ஏற்கும். ஒரே தேடல், ஒரே மென்பொருள், இரண்டு விடைகள்.

சிக்காமல் போனவை

தவறாக மாறியவற்றை மெய்ப்பில் கண்டுபிடிக்கலாம்; மாறாமல் போனவை யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குச் சென்றுவிடும். மவுண்ட் ரோடு என்பதை அண்ணா சாலை என்று மாற்றும் கட்டளையில் இது நடந்தது. மாற்றம் முடிந்து, எத்தனை இடங்கள் மாறின என்ற எண்ணிக்கையும் திரையில் வந்தது. ஆனால் பழைய கட்டுரைகளில் மவுண்ட் ரோடு அப்படியே இருந்தது. மாறிய மவுண்ட் ரோடுக்கும் மாறாமல் எஞ்சியதற்கும் திரையில் மயிரிழை வேறுபாடும் இருந்ததில்லை.

காரணம் ரோ என்ற எழுத்தில் இருந்தது. ஓகாரக் குறிக்கு யூனிகோடில் 3019 என்ற தனிக் குறியெண் உண்டு. அதையே ஏகாரக் கொம்பாகிய 3015, துணைக்காலாகிய 3006 என்ற இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யூனிகோட் நெறிப்படி இரண்டும் சமமானவை, எழுத்துருக்களும் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டுகின்றன. ஆனால் குறியெண்களை அப்படியே ஒப்பிடும் எடிட்டருக்கு இவை வெவ்வேறு சொற்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான டாப், டாம் போன்ற குறியேற்றங்களிலும் அவற்றுக்கு முந்தைய தனியார் எழுத்துருக்களிலும், கொம்பு மெய்க்கு முன்னும் கால் மெய்க்குப் பின்னுமாகத் தனித்தனியே சேமிக்கப்பட்டன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவி கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்திவிட்டு, காலோடு இணைத்து ஒரே குறியாக ஆக்காமல் விட்டுவிட்டால், கோப்பு முழுவதும் பிரிந்த ஓகாரங்களே நிறைந்திருக்கும். இந்நூலின் பழைய கட்டுரைகளில் நடந்தது அதுவே. கோட்டை, கோயில், தோட்டம், ரோடு என்று ஓகாரம் இல்லாமல் சென்னையின் இடப்பெயர்களைச் சொல்லவே முடியாது என்பதால், பாதிப்பு பரவலாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத வேறு சில தடைகளும் இருந்தன. 1973-இல் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்ட கைரிக்‌ஷாக்களைப் பற்றிய கட்டுரையில், ககரமும் ஷகரமும் கூட்டெழுத்தாகச் சேராமல் இருப்பதற்காகச் சில இடங்களில் அகலமற்ற பிரிப்புக் குறி இடப்பட்டிருந்தது. அது உள்ள ரிக்‌ஷாவும் இல்லாத ரிக்ஷாவும் தனித்தனியாகவே தேடலில் கிடைத்தன. பழைய கோப்புகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரிமுறிவு இருந்ததால், மவுண்ட் ஒரு வரியிலும் ரோடு அடுத்த வரியிலும் விழுந்த இடங்கள் தப்பித்துக்கொண்டன.

ஔகாரம்

மூன்றாவது கட்டளை பார்ப்பதற்கு எளிமையானது. ஔகாரக் குறியின் வலப்புறம் ளகரத்தைப் போலவே இருப்பதால், ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்யும் பழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. மெளனம், கெளரவம், செளகரியம், பெளர்ணமி என்று இணையம் முழுவதும் காணலாம். கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடங்களையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிட்டால் பிழை தீரும் என்று பணியாளர் கருதினார். ஆனால் தெளிவு, வெளி, வெள்ளம், வெள்ளையர் என்று கொம்பும் ளகரமும் முறையாகவே சேர்ந்து வரும் சொற்கள் தமிழில் ஏராளம். அவை அனைத்தும் படிக்க முடியாத உருவங்களாயின.

இதற்கு ஓரளவு நம்பகமான விதி உண்டு. ஔகாரத்துக்குப் பதிலாக வந்த ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருக்காது. எனவே ரீஜெக்ஸ் முறையில்

([க-ஹ])ெள(?![ா-்])

என்று தேடி, $1ௌ என்று மாற்றினால் தெளிவும் வெள்ளமும் தப்பும் ($1 என்பது முதல் அடைப்புக்குள் சிக்கிய எழுத்து; ?! என்பதையடுத்து வருபவை பின்னால் இருக்கக் கூடாதவை). அப்படியும் ஒரு வகை எஞ்சியது. ஆசிரியர் மயிலாப்பூர்க் கடைத்தெருவின் பேச்சை அப்படியே எழுதுபவர். மிளகாய் அங்கே மெளகாய், விளக்கு அங்கே வெளக்கு. இவற்றில் ளகரம் அகரமேறி நிற்பதால் விதிக்கு முழுவதும் பொருந்தி, மௌகாய் என்றும் வௌக்கு என்றும் மாறிவிடும். பிழையான கெளரவத்தையும் சரியான மெளகாயையும் குறியெண்களைக் கொண்டு பிரித்தறிய எந்த வழியும் இல்லை. அதற்குச் சமையலறைத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

மீட்பு

முதலில் எழுந்த கேள்வி, மாற்றத்தை ஏன் மீளச் செய்ய முடியவில்லை என்பதே. திறந்திருக்கும் ஒரு கோப்பில் அனைத்தையும் மாற்றினால், கண்ட்ரோல் இசட் விசையால் திரும்பலாம். நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டரின் கோப்புகளில் மாற்று என்ற வசதியோ, திறக்காத கோப்புகளை நேரடியாக வட்டிலேயே திருத்தி எழுதிவிடுகிறது. அதற்கு மீட்சி கிடையாது. தொடங்குவதற்கு முன் அது உறுதிமொழி கேட்கத்தான் செய்கிறது. அப்போது சரி என்று அழுத்தாதவர் யார்?

சென்னையை மீண்டும் மெட்ராஸாக மாற்றிவிடலாமே என்று ஒரு யோசனை சொல்லப்பட்டது. மாற்றத்துக்கு முன்பே சென்னை என்ற சொல் நூலெங்கும் இருந்தது; இப்போது எது ஆசிரியர் எழுதிய சென்னை, எது மாற்றத்தால் வந்த சென்னை என்று பிரிக்க இயலாது. மாற்றிப் போடும் சொல் உரையில் ஏற்கெனவே இருக்குமானால், அந்த மாற்றம் ஒருவழிப் பாதைதான். மாற்றுவதற்கு முன் புதிய சொல்லையும் ஒருமுறை தேடிப் பார்ப்பது இதற்காகவே தேவைப்படுகிறது; அதை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை.

நல்வாய்ப்பாக, ஆசிரியர் மின்னஞ்சலில் அனுப்பிய மூலக் கோப்புகள் இருந்தன. அவற்றை மறுபடியும் யூனிகோடுக்கு மாற்றி, வின்மெர்ஜ் மென்பொருளில் கெட்டுப்போன கோப்புகளோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, இடையில் கையால் செய்யப்பட்டிருந்த நல்ல திருத்தங்கள் மட்டும் எடுத்துச் சேர்க்கப்பட்டன. பின்னர் ஒரு சிறு பைத்தான் நிரலால் எல்லாக் கோப்புகளிலும் பிரிந்த ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் ஒரே குறியெண்ணாக இணைக்கப்பட்டன. யூனிகோடின் இயல்பாக்க நெறி இதைப் பிழையின்றிச் செய்யும். தேவையற்ற வரிமுறிவுகளும் அகலமற்ற குறிகளும் நீக்கப்பட்டன. இவ்வளவுக்கும் பிறகே எந்தத் தேடலின் எண்ணிக்கையும் நம்பத்தக்கதாயிற்று.

அடுத்து, எதையும் மாற்றாமல் தேடல் மட்டும் செய்யப்பட்டது. மெட்ராஸ, மதராஸ, மதராச என்று தொடங்கும் எல்லாச் சொல்வடிவங்களும், அடுத்து வரும் ஒரு சொல்லோடு சேர்த்துப் பட்டியலாக எடுக்கப்பட்டு, அகரவரிசையில் அடுக்கப்பட்டன. என் கருத்தில், தேடி மாற்றும் வசதியில் மதிப்புமிக்க பாதி இதுதான். மாற்றுவது எழுத்தர் வேலை. மதராஸி, மெட்ராஸ் ஐ, மெட்ராஸ் மெயில், மெட்ராஸ் ரெஜிமென்ட், மெட்ராஸ் பாஷை எல்லாம் அந்தப் பட்டியலில் தாமாகவே முன்னால் வந்து நின்றன.

பட்டியலைப் பார்த்த பிறகு கட்டளையே மறுபரிசீலனைக்கு உள்ளானது. 1996-இல் நகரத்தின் பெயர் மாறியதால் மெட்ராஸ் என்பது பிழை என்ற எண்ணத்தில் அக்கட்டளை எழுதப்பட்டிருந்தது. அன்று மாறியது ஆங்கிலத்தில் வழங்கிய அதிகாரப் பெயர். தமிழில் சென்னை மாகாணம், சென்னைப் பல்கலைக்கழகம் என்ற வழக்குகள் அதற்கு நெடுங்காலம் முன்பே நிலைபெற்றிருந்தன. அப்படியிருந்தும் ஓர் ஆசிரியர் தமிழில் மெட்ராஸ் என்று எழுதினார் என்றால், பல இடங்களில் அது தெரிந்தே தேர்ந்த சொல். ஆசிரியரோடு கலந்து பேசி, நினைவுக் கட்டுரைகளிலும் மேற்கோள்களிலும் மெட்ராஸை அப்படியே விடுவது என்றும், தகவல் கட்டுரைகளிலும் படக்குறிப்புகளிலும் மட்டும் மாற்றுவது என்றும் முடிவாயிற்று. சாலைப் பெயர்களிலும் இதே நெறி பின்பற்றப்பட்டது: லாயிட்ஸ் ரோடு, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்பவை பழைய காலத்தைச் சொல்லும் இடங்களில் நின்றன, அவ்வை சண்முகம் சாலை, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்ற இன்றைய பெயர்கள் முதல் குறிப்பின்போது மட்டும் சேர்க்கப்பட்டன.

மாற்ற வேண்டிய கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, கோப்புகளின் பழைய நிலைகளைக் காத்துவைக்கும் கிட் மென்பொருளில் ஒரு பதிவும் செய்துவிட்டு, வி.எஸ். கோடில் ரீஜெக்ஸ் முறையில் வேலை நடந்தது. காக்க வேண்டிய தொடர்களில் மெட்ராஸுக்குப் பதிலாக § என்ற குறி தற்காலிகமாக இடப்பட்டது. அந்தக் குறி உரையில் வேறெங்கும் இல்லை என்பது முன்கூட்டியே தேடி உறுதி செய்யப்பட்டது. பிறகு மூன்று மாற்றங்கள், இதே வரிசையில்:

மெட்ராஸுக்கு → சென்னைக்கு

மெட்ராஸ([ா-ௌ]) → சென்னைய$1

மெட்ராஸ்(?![ஃ-௺]) → சென்னை

வரிசை மாறக்கூடாது. இரண்டாவது விதி முதலில் ஓடினால் சென்னையுக்கு மறுபடியும் தோன்றும். முதல் விதி தனியாக இருப்பதால்தான் மெட்ராஸும் என்பது சரியாகச் சென்னையும் ஆகிறது. இரண்டாவது விதியில் அடைப்புக்குள் உள்ளவை துணைக்கால் முதல் ஔகாரம் வரையிலான உயிர்க்குறிகள். யகரம் என்ற உடம்படுமெய்யைச் சேர்த்து, பிடித்த குறியை அதன்மேல் ஏற்றிவிடுகிறது. மூன்றாவது விதி, மெட்ராஸுக்குப் பின் வேறு தமிழ் எழுத்து எதுவும் ஒட்டாமல் இருக்கும் இடத்தை மட்டும் பிடிக்கிறது. சொல்லெல்லைக் குறியீட்டை நம்பாமல், தமிழ் எழுத்துகளின் வீச்சை நேரடியாகக் கொடுத்ததால், சொல்லெல்லையை நிரல்கள் வெவ்வேறாகக் கணக்கிடுவது இதைப் பாதிக்காது. மெட்ராஸ்காரர் போன்றவை வேண்டுமென்றே இவ்விதிகளுக்கு வெளியே விடப்பட்டு, கையால் சென்னைக்காரர் ஆக்கப்பட்டன. மதராஸ் வடிவங்களுக்கும் இதே விதிகள் பயன்பட்டன. மதராஸியும் மதராஸபட்டினமும் பட்டியலின் துணையால் முன்பே காக்கப்பட்டிருந்தன.

விதிகளுக்கு அடங்காமல் கடைசியில் எஞ்சியது வல்லின ஒற்று. மெட்ராஸ் துறைமுகம் என்பதில் ஒற்றுக்கு இடமில்லை. சென்னை என்று மாறியதும் சென்னைத் துறைமுகம் என்று எழுத வேண்டும். ஆனால் சென்னை துறைமுகத்தை நம்பி வளர்ந்தது என்ற வாக்கியத்தில், சென்னை எழுவாயாக இருப்பதால் ஒற்று மிகாது. இரண்டிலும் ஐகாரம், வெற்றிடம், தகரம், உகரம் என்று குறியெண்களின் வரிசை ஒன்றே. க, ச, த, ப என்ற எழுத்துகளில் தொடங்கும் சொல் அடுத்து வரும் எல்லா இடங்களையும் எடுத்துக்காட்டும் வேலையை சென்னை ([கசதப]) என்ற தேடலிடம் விட்டுவிட்டு, ஒற்றுப் போடுவதா வேண்டாமா என்பதை மெய்ப்புத் திருத்துநர் அடுத்தது என்ற பொத்தானை அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துத் தீர்மானித்தார். அதன் பிறகே கோப்புகள் பக்க வடிவமைப்புக்குச் சென்றன.